பட்டாளத்தாரோடு கூட வந்தவர்

எங்கள் குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்ட வீரம் முழுவதையும் ஒரே ஆள் செலவழித்துவிட்டுப் போய்விட்டார். என் தாத்தாவின் தாத்தா அவர். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து, பல வருடம் கழித்துக் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பிவந்து, கேழ்வரகு விதைத்து, ஒரு நாள் இருமிக்கொண்டே செத்துப்போனவர். அவருக்குப் பின்னால் எங்களில் ஒருவரும் துப்பாக்கியைத் தொட்டதில்லை. எனக்கு ஊசி என்றாலே மயக்கம் வரும். ஆனாலும் ஊரில் இன்றைக்கும் எங்களுக்குப் பெயர் ‘பட்டாளத்து வூடு’தான்.

புளியந்தோப்பு ஓரத்தில் அவருக்கு ஒரு கல் நட்டிருக்கிறோம். மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே பங்காளிகள் எல்லோரும் கூடிப் பொங்கல் வைப்போம். ஏன் ஞாயிறு என்றால் ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு அன்றைக்குத்தான் லீவு. சாமியும் அதை ஒப்புக்கொண்டுவிட்டார். பொங்கல் பானைகளைக் கல்லுக்கு எதிரே ஒரே நேர்கோட்டில் வைக்க வேண்டும். அதற்கு எங்கள் வீட்டில் ‘லைன்’ என்று பெயர். ஆங்கிலமே தெரியாத கிழவிகள்கூட லைன் என்றுதான் சொல்வார்கள். மூத்த வீட்டுப் பானை முதலில், அடுத்த வீட்டுப் பானை அதற்கடுத்து, இப்படி நாற்பது பானைகள். லைனில் பானை இருந்தால் பங்காளி. இல்லாவிட்டால் வேடிக்கை பார்க்க வந்தவர். இதற்கு மேல் ஒரு சட்டம் எங்களுக்குக் கிடையாது.

நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன். மிச்ச நேரத்தில் சிறு பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். படித்துவிட்டுச் சிரித்ததாகச் சிலர் சொல்லியிருக்கிறார்கள். சிரித்ததை நான் பார்த்ததில்லை. சில வருடங்களுக்கு முன்னால் கல்லுக்குப் பக்கத்தில் சிமெண்டில் ஒரு குதிரைவீரன் சிலை செய்து வைத்தபோது, பட்டாளத்தாரின் வரலாற்றை ஒரு சிறு புத்தகமாக எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆதாரம் என்று கையில் ஒன்றும் இல்லை. ஆதாரம் இல்லாத இடத்தில்தான் என் நடை நன்றாக வரும். அவரை ஆறடி உயரமாக்கினேன். மீசை வைத்தேன். சிலை குதிரைமேல் இருந்ததால் எழுத்திலும் குதிரை ஏற்றினேன். சுபேதாராகப் பதவி உயர்வும் கொடுத்தேன். சுவைக்காக ஒரு வரி சேர்த்தேன்: ‘பட்டாளத்தாரோடு கூட வந்தவர் ஒருவரும் உண்டென்று கேள்வி, தண்டு நகர்ந்தால் பாத்திரங்களும் கூடவே நகர்வது இயல்புதானே.’

தண்டு என்றால் பழைய தமிழில் படை. அந்த வரியை எழுதிவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டது நினைவிருக்கிறது.

‘கூட வந்தவ’ என்பது எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு சொல். தாலி கட்டாமல் இழுத்துக்கொண்டு வந்தவள் என்று அதற்கு அர்த்தம். பட்டாளத்தார் ஊரில் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுப் போனார். அந்தக் குழந்தையின் வாரிசுகள் நாங்கள். திரும்பி வந்தபோது அவரோடு ஒரு தெலுங்குப் பேச்சுக்காரப் பெண்ணும் ஒரு பையனும் வந்தார்கள். அவர்களை ஊர்க்கோடியில் குடிவைத்தார்கள். அந்தப் பையன் வளர்ந்து ரயில் பாதை வேலைக்கு மொரப்பூர்ப் பக்கம் போனவன் போனவன்தான். அவன் வழியில் வந்தவர்கள் லைனில் பானை வைத்ததில்லை. வைக்கிறோம் என்று அவர்களும் கேட்டதில்லை, அந்தப் புத்தகம் வரும்வரை.

புத்தகம் வெளிவந்த சில மாதம் கழித்து, ஒரு ஞாயிறு மத்தியானம், தர்மபுரியில் என் வீட்டுக்கு ஒரு அம்மாளும் ஒரு கிழவரும் வந்தார்கள். அந்த அம்மாளுக்கு என்னைவிட நாலைந்து வயது கூடுதல் இருக்கும். கழுத்தில் இஞ்சி டேப் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது; கழற்ற மறந்து பஸ் ஏறியிருக்கிறார். கிழவர் வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தார்.

“சார், நாங்க மொரப்பூருங்க. ஸ்டேசனுக்கு எதுத்தாப்புல டெய்லர் கடை வெச்சிருக்கேன். இது எங்கப்பா. ரயில்வேல கேங்மேனா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. ஒங்க புக்கு படிச்சோம் சார். அதுல எங்களப் பத்தி ஒரு வரி எழுதியிருந்தீங்க.”

எந்த வரி என்று நான் கேட்கவில்லை.

“அந்தப் பாத்திரம் நாங்கதான்” என்றார் கிழவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

என் மனைவி காபி போட உள்ளே போனவள் போகும்போது என்னைப் பார்த்த பார்வையை இங்கே மொழிபெயர்க்க மாட்டேன்.

கிழவர் பையிலிருந்து ஒரு தகரக் குழாயை எடுத்தார். மூடியைத் திருகி, உள்ளே இருந்து துணி சுற்றிய ஒரு காகிதத்தை உருவினார். “பட்டாளத்துல இருந்து வெளிய வரச்ச குடுத்த சீட்டுன்னு எங்க தாத்தா சொல்லுவாருங்க. எங்க வூட்டுல யாருக்கும் இங்கிலீசு பத்தாது. எழுத்தும் சுழிச்சிச் சுழிச்சி எழுதியிருக்கறான். எங்க தாத்தாவோட அம்மா மேல ஒரு பேச்சு இருக்குதில்லீங்களா? அது தாலி கட்டுனவளா, சும்மா வந்தவளான்னு இதுல இருக்கும்னு எனக்கு ஒரு நெனப்பு. இருந்தா, ஒரே ஒரு வருசம் நானும் லைன்ல ஒரு பானை வெச்சிட்டுப் போயிர்றேன். எனக்கு எம்பத்திரெண்டு ஆச்சு. வேற ஒண்ணும் வேணாம்.”

எங்களிடம் கல் இருந்தது, அவர்களிடம் காகிதம் இருந்தது. இத்தனை காலம் இரண்டும் சந்திக்காமல் இருந்ததில் பட்டாளத்தாருக்குப் பெரிய நிம்மதி இருந்திருக்க வேண்டும்.

மேசை விளக்கைப் போட்டு, காகிதத்தை விரித்தேன். பழைய காலத்துச் சாய்வெழுத்து. பழகினால் கஷ்டமில்லை, என் வகுப்புப் பையன்களின் எழுத்தோடு ஒப்பிட்டால் அச்சுக்குச் சமம். ஒரு நிமிடத்தில் மொத்தமும் படித்துவிட்டேன். காலாட்படைச் சிப்பாய். சுபேதாரும் இல்லை, குதிரையும் இல்லை. உயரம் ஐந்தடி நாலு அங்குலம். இடது கன்னத்தில் அம்மைத் தழும்பு. ஊர், தாலுகா, சேலம் ஜில்லா எல்லாம் சரியாக இருந்தன. கால் புண்ணுக்காக மூன்று முறை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். ஒரு முறை காலை ஆஜருக்குத் தாமதமாக வந்ததற்குத் தண்டனை. சண்டை போட்டதாக ஒரு வார்த்தை இல்லை. நெஞ்சில் கோளாறு, சேவைக்கு லாயக்கில்லை, நடத்தை நன்று.

திருப்பினேன். பின்பக்கத்தில் குடும்ப விவரம். மனைவி ஒருவர், அவர் பெயர். மகன் ஒருவன், அவன் பெயர், வயது ஆறு. மனைவி பெயருக்கு நேரே எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால், ‘தண்டோடு கூட வருகிறவர்’ என்று வரும். அந்தப் பட்டாளத்தில் சிப்பாய்கள் பெண்டு பிள்ளைகளோடுதான் ஊர் ஊராக நடந்தார்கள் என்பது நான் படித்துத் தெரிந்துவைத்திருந்த விஷயம்தான். கூட வருகிறவர் என்றால் கட்டிய மனைவி, பட்டாளத்துக் கணக்கில் குடும்பம். அந்தச் சொல் எங்கள் ஊருக்கு வந்த பிறகுதான் வசவாகியிருக்கிறது. என் புத்தகத்தில் வந்த பிறகு நகைச்சுவையும் ஆகியிருக்கிறது.

காரிமங்கலத்துப் பக்கம் கைக்குழந்தையோடு காத்திருந்த என் கொள்ளுப்பாட்டியின் மாமியாரைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை. அந்தக் குழந்தையைப் பற்றியும் இல்லை. குடும்பம் எத்தனை பேர் என்று குமாஸ்தா கேட்டிருப்பான். அந்த மனிதர், கூட நின்றவர்களை மட்டும் சொல்லியிருக்கிறார்.

அப்பாவும் மகளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதைப் பெரிய தத்துவப் போராட்டமாக எழுத ஆசைதான். உண்மை கொஞ்சம் சின்னது. இருநூறு பிரதிகள் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்திருந்தேன். அதில் சுபேதார் குதிரைமேல் இருக்கிறார். இந்தக் காகிதம் வெளியே வந்தால் குதிரை போகும், பதவி போகும், உயரத்தில் எட்டு அங்குலமும் போகும். அதற்கு மேல், காகிதம்தான் சாட்சி என்று ஆகிவிட்டால் லைனில் நிற்கிற நாற்பது பானைக்கும் சாட்சி இல்லை.

“எழுத்து ரொம்ப அழிஞ்சிருக்குங்க ஐயா” என்றேன். “படிக்க முடியலை.”

பெரியப்பா என்று கூப்பிட வேண்டிய மனிதரை ஐயா என்று கூப்பிட்டதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது பொய்யில் சேராது, ஆனால் பொய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

“வேற யாருகிட்டயாச்சும் காட்டிப் பாருங்களேன்” என்று வேறு சொன்னேன்.

“இங்கிலீசு வாத்தியாரு, புக்கெல்லாம் எழுதறவரு, ஒங்களாலயே முடியலன்னா அப்பறம் யாரு சார்?” என்றார் அந்த அம்மாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் கஷ்டம்.

கிழவர் காகிதத்தைத் துணியில் சுற்றினார். “ஞாயித்துக்கெழமயும் அதுவுமா ஒங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டோம்” என்றார். கிளம்புகிற நேரத்தில், போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன், பெரிதாக்கிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். அவர் முகம் எப்படி மலர்ந்தது என்பதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். இரண்டு பக்கத்தையும் படமெடுத்தேன். அந்த அம்மாள் என் நம்பரைக் குறித்துக்கொண்டு, வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் கழுத்து டேப்பைக் கவனித்துச் சிரித்துக்கொண்டே கழற்றிச் சுருட்டினார்.

அவர்கள் போன பிறகு மனைவி கேட்டாள். “நெசமாவே படிக்க முடியலையா?”

“முடியலை.”

“நெசமாவா?”

“எத்தனை தடவ சொல்றது?”

“ஒரு தடவ சொன்னா போதும். நீங்கதான் ரெண்டு தடவ சொல்றீங்க” என்று காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த இரண்டு மாசிகளும் வந்து போயின. இரண்டு தடவையும் கிழவர் மகளுடன் வந்து தோப்பு ஓரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பானையைக் கிளறுவதில் நான் மும்முரமாக இருந்ததாக எல்லோரும் சொல்வார்கள். அவ்வப்போது அந்த அம்மாளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும்: ‘வணக்கம் சார் ஏதாச்சும் தெரிஞ்சுதா அப்பா கேக்க சொன்னாரு.’ நான் கைகூப்புகிற பொம்மை ஒன்றை அனுப்புவேன். பார்க்கிறேன் என்றும் அதற்கு அர்த்தம் உண்டு, மன்னியுங்கள் என்றும் உண்டு. அப்படி ஒரு பொம்மையைக் கண்டுபிடித்தவனும் ஏதோ ஒரு குடும்பத்தில் என்னைப் போல மாட்டிக்கொண்டவனாகத்தான் இருப்பான்.

மூன்றாம் வருடம் ஐப்பசியில் கிழவருடைய படம் வந்தது. மாலை போட்டிருந்தது. அதே வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் பூட்டியிருந்தது. படத்துக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. கைவிரல் பழக்கத்தில் அந்தப் பொம்மையைத் தேடிப்போனது. அனுப்பவில்லை. அனுப்பாததை ஒரு நல்ல காரியமாகக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

சாவுக்கும் போகவில்லை, காரியத்துக்கும் போகவில்லை. பள்ளியில் தேர்வு நடந்தது. தேர்வு எப்போதும் ஏதாவது நடந்துகொண்டுதான் இருக்கும்.

கடைசியில் தை மாதம் ஊருக்குப் போய், இப்போது எங்கள் வகையறாவில் மூத்தவரான சித்தப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அதிலும் பாதிதான். காகிதத்தில் மொரப்பூர்க்காரர்களின் பாட்டி பெயர் மனைவி என்று இருக்கிறது என்றேன். எங்கள் பாட்டி பெயர் இல்லை என்பதைச் சொல்லவில்லை. ஒரே மூச்சில் முழு உண்மையையும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பெரிய சண்டையை எதிர்பார்த்து, பேச வேண்டியதைப் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

சித்தப்பா தக்காளிக் கூடைகளை எண்ணிக்கொண்டிருந்தார். தலையைக்கூடத் திருப்பவில்லை.

“வெக்கட்டுமே. கடைசில எடம் கெடக்குது. ஒரு பானைக்கு மூணு கல்லு. நம்ம வூட்டுச் சோறா கொறயப்போவுது?”

“அவ்வளவுதானா சித்தப்பா?”

“வேற என்னா? அந்தாளு ரெண்டு வருசமா ஓரமா நின்னு கும்பிட்டுட்டுப் போனத நானே பாத்தேன். வந்து கேட்டிருந்தா அப்பயே வெய்யின்னு சொல்லியிருப்பேன். அவுங்க ஒங்கிட்டல்ல கேட்டாங்களாம்?”

நாற்பது வீடும் எதிர்த்து நிற்கும் என்று நினைத்துத்தான் அந்தப் பொய்யைச் சொன்னதாக எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அந்தப் பக்கம் ஆளே இல்லை. வழியை மறித்துக்கொண்டு நின்றது நான் ஒருவன்தான்.

அடுத்த சனிக்கிழமை மொரப்பூர் போனேன். கடையில் அந்த அம்மாள் ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, முன்னால் கிடந்த ஸ்டூலில் இருந்த துணிகளை எடுத்து இடம் பண்ணினார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பாதியோடு நிறுத்திவிடுவேன் என்று பயம்.

“அந்தக் காகிதத்த என்னால படிக்க முடியுது” என்றேன்.

அவர் ஊசியைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.

“எங்கப்பா கேட்டப்ப முடியலன்னீங்களே சார். இப்ப எப்பிடி முடிஞ்சுது? கண்ணாடி மாத்துனீங்களா?”

“ஆமாங்க, பவர் ஏறிப்போச்சு” என்றேன். திருந்த வந்தவன் வாசலிலேயே இன்னொரு பொய் சொன்னேன். ரயில் ஒன்று கடந்து போனது. அது முழுசாகப் போய்ச் சத்தம் அடங்கும்வரை இருவரும் காத்திருந்தோம்.

“அன்னிக்கே படிச்சேங்க. முழுசா. பொய் சொன்னேன்.”

அவர் தலையை ஆட்டினார். ஹூக்கை வைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு உள்ளே போய்த் தகரக் குழாயை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். “படிங்க. மொதல்ல இருந்து.”

படித்தேன். வரி வரியாகத் தமிழில் சொன்னேன். உயரம் வந்த இடத்தில் “அட, நம்ம உசரந்தானா!” என்றார். ஆஜருக்குத் தாமதமாக வந்து தண்டனை வாங்கியதைச் சொன்னபோது லேசாகச் சிரித்தார். “எங்கப்பா நாப்பது வருசம் ஒரு நாளு லேட்டா போனதில்ல. இவரு வம்சத்துலயா அப்பிடிப் பொறந்தாரு?”

பின்பக்கம். மனைவி பெயர் வந்ததும், “இன்னொரு தரம்” என்றார். சொன்னேன். ‘தண்டோடு கூட வருகிறவர்’ என்பதைச் சொல்லி, அதற்குக் கட்டிய மனைவி என்று அர்த்தம் என்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையா என்று நான் பார்க்கவில்லை.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, “ஒங்க பாட்டி பேரு?” என்றார்.

“இல்லீங்க.”

“எங்கயுமே இல்லியா?”

“இல்லை. அதனாலதான் அன்னிக்கு...”

அவர் என்னை முடிக்க விடவில்லை. “அடப் பாவமே!” என்றார். “அந்தம்மா ஒத்தையில கைப்புள்ளயோட எத்தன வருசம் வழிய வழியப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சோ! கடைசில பொண்டாட்டி புள்ளயோட வந்து நிக்கறான். அது எப்பிடித் தம்பி இருந்திருக்கும் அதுக்கு?”

அந்தக் கடையில் அவமானப்படுவதற்கான எல்லா ஏற்பாட்டோடும் போயிருந்தேன். திட்டுவார், பதில் சொல்ல மாட்டேன், தலை குனிந்து நிற்பேன் என்றெல்லாம். அவர் எங்கள் பாட்டிக்காக வருத்தப்படுவார் என்பதற்கு நான் தயாராகப் போகவில்லை. இத்தனை வருடத்தில் அந்தக் கிழவியைப் பற்றி, அவளுடைய வம்சம் என்று சொல்லிக்கொண்டு லைனில் பானை வைக்கிற எங்களில் ஒருவரும் ஒரு வார்த்தை வருத்தப்பட்டதில்லை. என் புத்தகத்தில் அவளுக்கு ஒரு வரிகூட இல்லை. காகிதத்தில் விட்டது பட்டாளத்தார் என்றால், புத்தகத்தில் விட்டது நான்.

“மாசிக்கு வந்து பானை வைங்கக்கா” என்றேன். “சித்தப்பா சரின்னுட்டாரு.”

“இருக்கட்டும் தம்பி. அது எங்கப்பாவோட ஆச. எனக்கு ஞாயித்துக்கெழமதான் டெலிவரி எல்லாம்.” குழாயின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார். “ஒண்ணே ஒண்ணு செய்யிங்க. எனக்குப் படிச்ச மாரி அங்கயும் படிச்சிருங்க. ரெண்டு பக்கமும்.”

மாசி ஞாயிறு வந்தது. பானைகளுக்குக் கல் கூட்டுகிற நேரத்தில், போனில் இருந்த படத்தைப் பார்த்துச் சத்தமாகப் படித்தேன். மைக் செட் இருந்தது, ஆனால் நான் போவதற்குள் அதில் சாமி பாட்டு போட்டுவிட்டார்கள். தொண்டையை நம்பித்தான் படிக்க வேண்டியிருந்தது. குதிரை இல்லை என்றதும் சிமெண்டுக் குதிரையை எல்லோரும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள். பின்பக்கத்தையும் படித்தேன். நம் பாட்டி பெயர் இதில் இல்லை என்றேன். “அப்ப நாம யாருடா?” என்று ஓசூர்ப் பங்காளி ஒருவன் கத்தினான். சிரித்தார்கள். அரிசி களைகிறவர்கள் களையப் போனார்கள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

சித்தப்பா வீட்டுப் பானைதான் முதல். இரண்டாவது எங்களுடையது. அடுப்புக் கற்களைத் தூக்கிக்கொண்டுபோய், நடுவில் ஒரு பானைக்கு இடம் விட்டுத் தள்ளி வைத்தேன்.

“என்னாத்துக்கு இப்ப இது? மொகத்துல பொகை அடிக்குது” என்றாள் மனைவி. காரணத்தைச் சொன்னேன். அவள் முறத்தைப் புகைக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டாள்.

லைனில் ஓட்டை இருந்தால் எங்கள் ஆட்களுக்குப் பொறுக்காது. வருகிறவர் போகிறவர் எல்லோரும் அந்த இடத்தில் நின்றார்கள். “இங்க யாரு இன்னும் வரல?” என்று முதலில் பங்காளி வீட்டுச் சித்தி ஒருவர் கேட்டார். மொரப்பூர்ப் பெரியப்பா என்றேன். யார் அது என்றார். சொன்னேன். அவர் ஏன் வரவில்லை என்றார். அதையும் சொன்னேன், என் பொய்யையும் சேர்த்து. சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் பானைக்குப் போனார். அவர் நகர்வதற்குள் ஓசூர்க்காரன் வந்து நின்றான்.

“ஏண்ணா, இந்த எடம் யாருது?”

திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.